நீல ஸ்ப்ரே பாட்டில்

மார்ச் 9

தம்பி,

சௌக்கியமா என்று கேட்டால் பதில் வராது. அதனால் கேட்கவில்லை. போன் அடித்து அடித்து ஓய்ந்த பிறகு ஒரு பெண் குரல் வந்து நீ கிடைக்கவில்லை என்கிறது. எனக்குத் தெரியாதா நீ கிடைக்கவில்லை என்று? உன் பழைய முதலாளியைக் கெஞ்சித்தான் இந்த விலாசத்தை வாங்கினேன். "லிஃப்ட் ரிப்பேர் பண்றவன் எந்த மாடியில இருப்பான்னு யாருக்கும்மா தெரியும், லெட்டர் போட்டுப் பாருங்க" என்றார்.

நடந்ததை நானே ஒருமுறை எழுதிவிடுகிறேன். பிறகு நீ வேறு மாதிரி சொல்லக் கூடாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல் பாட்டில் கழுவ வந்தாய். பின்பக்கத்துத் திராட்சையில் போட்ட ஒயின் தெளிந்து நின்றது. மறுநாள் பாட்டிலில் ஊற்ற வேண்டும். சலவை அறைக்குள் போனவன் சாயங்காலம்தான் வெளியே வந்தாய். கண் இரண்டும் சிவந்திருந்தது. ஒரு கை தூரத்துக்கே சாராய வாசனை அடித்தது. பல் டாக்டரிடம் இத்தனை வருஷமாக வேலை பார்க்கிறேன். பயத்தில் இரண்டு மடக்கு ஊற்றிக்கொண்டு வந்து நாற்காலியில் சாய்கிறவர்களை எத்தனை பேரைப் பார்த்திருப்பேன்! என் மூக்கை யாரும் ஏமாற்ற முடியாது.

உள்ளே போய் உன் பெண்டாட்டிக்குப் போன் செய்தேன். செய்யாமல் என்ன செய்யச் சொல்கிறாய்? "அண்ணி, உங்களை நம்பித்தான் எங்க பொண்ணு பட்டாணியைச் சனிக்கிழமை சனிக்கிழமை அவரைப் பார்க்க அனுப்புறேன். அவர் மறுபடி குடியைத் தொட்டார்னு தெரிஞ்சா அன்னைக்கே சொல்லிடணும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டவள் அவள். நான் உனக்கு ஜாமீன் நின்றவள்டா. நான் போனில் பேசியதை நடையில் நின்று கேட்டாய். கையைத் துண்டில் துடைத்தாய். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை.

பள்ளிக்கூட லீவுக்குப் பட்டாணி ஒரு மாதம் இங்கே வந்து உன்னோடு இருப்பதாக இருந்ததே, அதை அவள் அம்மா அன்றே ரத்து செய்துவிட்டாள். சனிக்கிழமையும் நின்றுபோனது.

தப்பு செய்யாதவன் யார்? நான் உன்னை மன்னித்துவிட்டேன். ஒரு வரி எழுது. அதைக் காட்டி உன் பெண்டாட்டியிடம் நான் பேசிப் பார்க்கிறேன்.

உன் அக்கா


மார்ச் 17

அக்கா,

கடிதம் கிடைத்தது. வேலை இருக்கிறது. ஒரு பட்டறைக்கு மேலே ரூம். கூட ஒரு வெல்டர் தங்கியிருக்கிறார், நல்ல மனுஷர், குறட்டை மட்டும் டிரில் போடுகிற மாதிரி. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவரைக் கையால் தொடலாம். தொட்டுப் பார்த்தேன். சுவர்தான்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். நன்றி. கேட்காததையெல்லாம் கொடுக்கிற கை உனக்கு. அதற்குப் பதிலாக அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். "டேய், குடிச்சியா?" என்று. நேரே போனிடம் போய்விட்டாய்.

பட்டாணி சனிக்கிழமை உன் வீட்டு வாசலில் வந்து நின்றதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு "ஊதுங்க" என்பாளே, ஞாபகம் இருக்கிறதா? அவள் அம்மா சொல்லிக் கொடுத்து அனுப்பியது. நான் குனிந்து ஊதுவேன். மூக்கை நீட்டி, கண்ணை மூடி, பெரிய அதிகாரி மாதிரி யோசித்துவிட்டு "பாஸ்" என்பாள். அப்புறம்தான் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். நீயும் மாமாவும் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். நானும் சிரிப்பேன். உங்கள் முன்னால் வேறு என்ன செய்ய?

ஒரு வரி எழுதச் சொன்னாய். என்ன வரி என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் எழுதவில்லை.

ஒயின் இறக்குகிற ரப்பர் குழாயைச் சுருட்டி டப்பாவில் போட்டு வைத்திருப்பாய். எடுத்து ஆணியில் தொங்கவிடு. உள்ளே தண்ணீர் தேங்கினால் பூஞ்சை பிடிக்கும், அடுத்த ஜாடி முழுக்கப் பாழாகும். குழாய்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை.

தம்பி


ஏப்ரல் 4

என் தங்கக் கட்டி,

இதோடு ஒரு பார்சல் வருகிறது. ஸ்வெட்டர், சாக்ஸ், இரண்டு டப்பா பிஸ்கட், உன் மாமாவின் பழைய கைக்கடிகாரம். அவரே கொடுக்கச் சொன்னார் (நான் சொல்லச் சொன்னேன்). ஸ்வெட்டரைப் போட்டுக்கொள். இப்போது குளிர் இல்லை என்பது எனக்கும் தெரியும். குளிர் வராமலா போய்விடும்?

குழாயைத் தொங்கவிட்டுவிட்டேன். நீ சொன்னது சரி, சுருட்டித்தான் வைத்திருந்தேன்.

இங்கே எல்லாரும் நலம். பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டிருக்கிறது. கிளினிக்கில் புது நாற்காலி வந்திருக்கிறது, ஒரு பொத்தானை அழுத்தினால் ஆள் மல்லாந்துவிடுகிறான், டாக்டருக்கே பயமாக இருக்கிறது. உன் மாமாவுக்கு முட்டி வலி. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். தூக்கம்தான் சரியில்லை.

பாட்டிலில் ஊற்றாமல் கொஞ்சம் ஒயின் ஜாடியில் நின்றது. போன வாரம் அதற்காகக் காலி பாட்டில்களை நானே கழுவினேன். அப்பப்பா! நீ எப்படித்தான் அத்தனை நேரம் குந்தியிருந்தாயோ! வெந்நீரில் சலவைச் சோடா போட்டு ஊறவைத்தேன், லேபிளைச் சுரண்டினேன், பிரஷ் விட்டுத் தேய்த்தேன், அலசி பல்புக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். கடைசியில் கிருமி போக ஸ்ப்ரே அடித்துக் கவிழ்த்து வைத்தேன். எல்லாம் நீ செய்கிற மாதிரியே. முடித்துவிட்டு வெளியே வந்தால் உன் மாமா எதிரே நின்றார். ஏதோ சொன்னார். அவர் எதையாவது சொல்லிக்கொண்டுதான் இருப்பார்.

ஆமாம், அந்த நீல ஸ்ப்ரே பாட்டிலில் அன்றைக்கு என்ன இருந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? சும்மாதான் கேட்டேன். பதில் எழுத மறந்தாலும் பரவாயில்லை.

பிஸ்கட்டை வெல்டருக்கும் கொடு.

அக்கா


ஏப்ரல் 12

அக்கா,

பிஸ்கட்டை வெல்டர் தின்றுவிட்டார். ஸ்வெட்டரைத் திருப்பி அனுப்புவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

உன்னை எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் என் சைக்கிள் மணியை உடைத்துவிட்டு, உன் பங்கு கேக்கை முழுதாக என் தட்டில் வைத்தாய். நான் கேக்கைத் தின்று முடிக்கிறவரைக்கும் பக்கத்திலேயே நின்றாய். என் பள்ளிக்கூடச் சட்டையை இஸ்திரி போட்டுப் பொசுக்கிய அன்றைக்கு எனக்குத் தலைகூட வாரிவிட்டாய். இப்போது என்னைத் தங்கக் கட்டி என்று கூப்பிடுகிறாய். கடிகாரம் வேறு. அக்கா, இது கேக்கை விடப் பெரிது. என்னத்தை உடைத்தாய்?

மாமா என்ன சொன்னார்?

ஸ்ப்ரேயைப் பற்றிச் சும்மா கேட்டேன் என்கிறாய். நீ சும்மா கேட்டதாகச் சரித்திரமே இல்லை. முதலில் நீ சொல். அப்புறம் நான் சொல்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 20

தம்பி,

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லைடா, அறுக்கிறது. பார்சல் கட்டினால் அடங்கும் என்று நினைத்தேன்.

நான் சலவை அறையிலிருந்து வெளியே வந்தபோது உன் மாமா மூக்கைச் சுளித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "என்னடி, பட்டப்பகல்லயே ஆரம்பிச்சுட்டியா? கண்ணு வேற இப்படிச் செவந்திருக்கு!" என்றார். கிண்டலுக்குத்தான் சொன்னார். நான் சிரிக்க வாயெடுத்தேன். அப்படியே நின்றுவிட்டேன். என் சேலையை முகர்ந்தேன். கையை முகர்ந்தேன். அன்றைக்கு உன்மேல் அடித்ததே, அதே வாசனை.

கிருமி போக்குகிற பொடி அந்த வாரம் தீர்ந்துபோயிருந்தது. கடைக்காரன் அடுத்த மாதம்தான் வரும் என்றான். அதனால் வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும்போது கிளினிக்கில் கருவி துடைக்கிற ஸ்பிரிட்டை ஒரு பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவந்தேன். டாக்டரிடம் கேட்கக்கூட இல்லை. தண்ணீர் கலந்து, அதே நீல ஸ்ப்ரேயில் ஊற்றி, அதே இடத்தில் வைத்தேன். உன்னிடம் சொல்லவில்லை. எனக்கே ஞாபகம் இல்லை. ஜன்னல் இருந்தும் காற்று வராத அறை அது. மத்தியானம் பூராவும் பாட்டில் கழுத்துக்கும் குழாய்க்கும் உன் கைக்கும் அதைத்தான் அடித்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

பெரிய மூக்கு என் மூக்கு! கிளினிக்கில் காலையிலிருந்து சாயங்காலம்வரை நான் அந்த வாசனைக்குள்தானே இருக்கிறேன். அங்கே அது மருந்து வாசனை. உன்மேல் அடித்ததும் சாராய வாசனையாகிவிட்டது. பனைமரத்தடியில் பால் குடித்தாலும் கள் என்பார்கள் என்று ஊராரை நான் எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்! இப்போது பார், கூடப் பிறந்தவளே சொல்லியிருக்கிறேன்.

இது தெரிந்த பிறகுதான் ஸ்வெட்டர் கடிதத்தை எழுதினேன். நாய் குட்டி போட்டதெல்லாம் எழுதினேனே, இதை எழுதக் கை வரவில்லை. உன்னிடம் சொன்னால் உன் பெண்டாட்டியிடமும் சொல்ல வேண்டும். "என் பேச்சை நம்பித்தானே குழந்தையைப் பிரிச்சே, அந்தப் பேச்சு பொய்யும்மா" என்று எந்த முகத்தோடு சொல்வேன்? இரண்டு தடவை அவள் தெருவரைக்கும் போனேன். இரண்டாவது தடவை பட்டாணி வாசலில் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்ப்பதற்குள் மெடிக்கல் கடைக்குள் நுழைந்து, தேவையே இல்லாமல் ஒரு இருமல் மருந்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

நீ கழுவின பாட்டில்களில் ஒன்றைத் திறந்து பார்த்தேன். கண்ணாடி மாதிரி தெளிவு. கொஞ்சம்கூடப் புளிக்கவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒரு ஒயின் வந்ததில்லை. ஒரு வாய்கூட இறங்கவில்லை எனக்கு.

மே முதல் ஞாயிறு அவளிடம் போகிறேன். இந்தத் தடவை கடைக்குள் நுழையமாட்டேன்.

என்னை மன்னி என்று கேட்கமாட்டேன். கேட்காமல் கொடுத்தது நான்தானே.

அக்கா


ஏப்ரல் 28

அக்கா,

போகாதே. போவதற்கு முன்னால் இதைப் படி.

முதலில் நீ சொல், அப்புறம் நான் சொல்கிறேன் என்று எழுதியிருந்தேன். என் முறை வந்துவிட்டது.

எனக்குத் தெரியும். முதல் அழுத்திலேயே தெரிந்துவிட்டது. ஸ்பிரிட்டைக் கண்டுபிடிக்க எனக்குப் பல் டாக்டர் வேண்டுமா என்ன? என் மூக்கு உன் மூக்கைவிடப் படித்த மூக்கு. ஸ்ப்ரேயை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து, "அக்கா, இதுல என்னத்த ஊத்தி வச்சிருக்கே? என் கிட்ட இதைக் கொடுக்கலாமா?" என்று சத்தம் போட்டிருக்க வேண்டும். நல்லவன் அப்படித்தான் செய்வான்.

நான் கதவைச் சாத்தினேன். துணி அலசுகிற மேடைக்கு மேலே ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறதே, அதையும் சாத்தினேன். இரண்டு உள்ளங்கையிலும் அடித்து முகத்தை மூடிக்கொண்டேன். வாசனை குறைந்ததும் மறுபடி அடித்தேன். கழுவி முடித்துக் கவிழ்த்த பாட்டில்களையெல்லாம் திரும்ப எடுத்து, ஒன்றுக்கு மூன்று தடவை அடித்தேன். உன் ஒயின் ஏன் அவ்வளவு சுத்தமாக வந்தது என்று இப்போது புரிகிறதா?

குடிக்கவில்லை. நாக்கில் ஒரு சொட்டு படவில்லை. இதை நீ நம்பலாம், நம்பாமலும் போகலாம். குடிக்கவில்லை என்பது எனக்குப் பெருமையாகவும் இல்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தேனே, அது என்ன? எழுந்து வர மனசு வரவில்லை அக்கா. பட்டாணியை நினைத்தேன். நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்தபோது உன் மூக்கு சுருங்கியதைப் பார்த்தேன். "ஸ்ப்ரேயை முகர்ந்து பார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். சொன்னால் நீ திருப்பிக் கேட்பாய்: "தெரிஞ்சுமாடா இவ்வளவு நேரம் உள்ளயே இருந்தே?" அதற்குப் பதில் இல்லை. அதனால்தான் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு போனேன். நீ என்னிடம் கேட்கவில்லை என்று முதல் கடிதத்தில் குத்திக் காட்டினேனே, கேட்காதவரைக்கும் நல்லது என்றுதான் அன்றைக்கு இருந்தது எனக்கு.

நீ சொன்னது பொய். ஆனால் முழுப் பொய் இல்லை. இத்தனை நாளும் உன்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு நான் சாட்சி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அவளிடம் போனால் இரண்டையும் சொல். பாதி சொன்னால் அது மறுபடி ஒரு பொய்யாகிவிடும். முழுதும் சொன்னால் பட்டாணியை விடமாட்டாள். அதுவும் எனக்குத் தெரியும். என்ன செய்வது என்று தெரியாமல்தான் எழுதுகிறேன்.

தம்பி


மே 11

தம்பி,

உன் கடிதம் வருவதற்கு முன்பே போய்விட்டு வந்துவிட்டேன்.

வாசலில் நின்றே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவள் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். துணி மடித்துக்கொண்டிருந்தாள். பட்டாணியின் சின்னச் சின்ன கவுன்கள். நான் சொல்லச் சொல்ல அவள் கை நிற்கவே இல்லை, மடித்துக்கொண்டே இருந்தாள். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி.

"அது உங்க தப்புன்னே வச்சுக்குவோம் அண்ணி. அவர் ஏன் ஒரு வார்த்தை சொல்லலை? குடிக்காதவர், குடிக்கலைன்னு கத்தியிருக்க வேண்டாமா?"

"கோபம்மா அவனுக்கு. ரோஷக்காரன்" என்றேன். அப்போது எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"ரோஷமா?" என்றாள். அடுத்த கவுனை எடுத்து உதறிவிட்டு, "பஞ்சையும் நெருப்பையும் பக்கத்துல வச்சது நீங்கதானே? வேலை கொடுக்க வேற வேலையே கிடைக்கலையா உங்களுக்கு? குடிச்சவருக்குப் பாட்டில் கழுவுற வேலையா?" என்று கேட்டாள்.

உன்னைக் கண்ணெதிரே வைத்துக்கொள்ள ஒரு சாக்கு வேண்டியிருந்தது. பாட்டிலாவது கழுவட்டும், சும்மா இருந்தால்தான் கெட்டுப்போவான் என்று நினைத்தேன். எனக்கு ஒயினும் வேண்டும், தம்பியும் வேண்டும், இரண்டுக்கும் ஒரே அறை. என் சௌகரியத்தை உனக்குச் செய்கிற உபகாரம் என்று நானே நம்பிக்கொண்டேன். அவளிடம் இதையும் சொன்னேன். அழுதுவிட்டேன் அங்கேயே. அவள் ஒரு கவுனை எடுத்துக் கொடுத்தாள் கண் துடைக்க. துடைத்த பிறகுதான் பார்த்தேன், துவைத்து மடித்த கவுன்.

கடைசியில் சரி என்றாள். இந்த மாதக் கடைசி சனிக்கிழமை பட்டாணியை அழைத்துக்கொண்டு உன் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கே வருகிறேன் என்றாள். ஒரு மத்தியானம். அதைப் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு என்றாள்.

மறுநாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் உன் கடிதம் கதவுக்கடியில் கிடந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் படித்தேன். படித்துவிட்டுத் துணி அலமாரியில் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

நான் சொல்லப்போவதில்லைடா. நீயும் சொல்லாதே. கையெடுத்துக் கும்பிடுகிறேன். முகர்ந்தது ஒரு குற்றமா? குடித்தாயா என்றால் இல்லை. அவ்வளவுதானே கேள்வி? உன் பெண்டாட்டி இப்போதுதான் இறங்கி வந்திருக்கிறாள். நீ உத்தமன் வேஷம் போட்டு, குழந்தையை மறுபடி கைநழுவ விட்டுவிடாதே. முதலில் நான் கெடுத்தேன், இந்தத் தடவை நீ கெடுக்காதே.

இப்படிச் சொல்லித் தருகிற அக்கா நல்ல அக்காவா என்று எனக்குத் தெரியவில்லை. பாட்டில், ஜாடி, குழாய், கார்க் எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரண்மேல் போடச் சொல்லிவிட்டேன். உன் மாமா முட்டி வலியோடு ஏணியில் நின்று என்னைத் திட்டுகிறார்.

சனிக்கிழமை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போ.

அக்கா


மே 30

அக்கா,

சட்டையை வெல்டர் இஸ்திரி போட்டுக் கொடுத்தார். பொசுக்கவில்லை.

நீ சொன்னபடி சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் இருந்தேன். பல நாள் அப்படியே இருந்தேன். வேலையில் லிஃப்டுக்குள் நின்று கதவு சாத்திக்கொள்ளும்போதெல்லாம் அந்தச் சலவை அறை ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை அவளுக்குப் போன் செய்தேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன். கதவைச் சாத்தியது, ஜன்னலைச் சாத்தியது, உள்ளங்கை, எல்லாம்.

"அண்ணிக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்."

"சொல்ல வேணாம்னு சொல்லியிருப்பாங்களே?"

அவள் சிரித்த மாதிரி இருந்தது. அழுதிருக்கவும் கூடும், போனில் என்ன தெரிகிறது? "உங்க குடும்பத்துல எல்லாரும் எதையாவது ஒளிச்சு வச்சுட்டு ஆளுக்கொரு ஸ்வெட்டர் பின்னிக் கொடுப்பீங்க" என்றாள். ஸ்வெட்டர் கதை அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. நீயே உளறியிருப்பாய். நாளைக்கு வருவாளா மாட்டாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளும் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலையிலிருந்தே பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்துவிட்டேன். வருகிற பஸ்ஸையெல்லாம் எழுந்து நின்று பார்த்தேன். டீக்கடைக்காரர், "எந்த ஊர் பஸ்ஸுக்குத்தான்யா நிக்கிறே நீ?" என்று கேட்டார். மத்தியானம் தாண்டிவிட்டது. வரமாட்டார்கள் என்று முடிவு செய்து கிளம்ப எழுந்தபோது முதலில் அவள் இறங்கினாள். பின்னாலேயே பட்டாணி. உயரமாகிவிட்டாள் அக்கா. முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது.

ஓடி வந்தவள் எனக்கு நேரே வந்ததும் நின்றாள். நான் வழக்கம்போல் முட்டி போட்டுக் குனிந்தேன். கண்ணை மூடிக்கொண்டு, நன்றாக, நீளமாக ஊதினேன். "பாஸ்" வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கண்ணைத் திறந்தேன். குழந்தை என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் கேக்கவே இல்லையேப்பா" என்றாள்.

அவள் அம்மாவை நிமிர்ந்து பார்த்தேன். அவள் வேறெங்கோ பார்த்தாள். பஸ்ஸில் வரும்போதே சொல்லிக் கூட்டிவந்திருக்கிறாள் போலிருக்கிறது, இனிமேல் அப்படிக் கேட்க வேண்டாம் என்று. நான் எல்லாவற்றையும் சொன்ன பிறகு அக்கா, அதற்கு மறுநாள்.

அங்கேயே முட்டி போட்டபடி இருந்தேன். பட்டாணிதான் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூக்கிவிடப் பார்த்தாள்.

அடுத்த மாதமும் வருகிறார்கள். உன் வீட்டுக்கு இல்லை, இங்கேதான். நீயும் வா, மாமாவையும் கூட்டிக்கொண்டு வா. பரணிலிருந்து சாமானை இறக்கிக்கொள், உன் திராட்சை என்ன பாவம் செய்தது? ஆனால் பாட்டிலை நீயே கழுவு. நான் இனி அந்த அறைக்குள் வரமாட்டேன். ஸ்பிரிட் என்றால் ஸ்பிரிட் என்று அந்த நீல பாட்டிலின்மேல் பெரிதாக எழுதி ஒட்டு.

ஸ்வெட்டரை வைத்துக்கொள்கிறேன்.

தம்பி